என் மணிக்கட்டு எந்த ராஜ்யம்

வலிக்குதுன்னுதான் சொல்றேனே, இன்னும் எத்தினி தரம் கேப்பீங்க? மடக்கச் சொன்னீங்க, மடக்கினேன். இவ்ளோதான் மடங்கும். அந்தக் கோணமானிய எடுத்து உள்ள வெய்யிங்க தம்பி. அதப் பாத்தாலே வேலூர் கான்வென்ட்ல கணக்கு சிஸ்டரு பிரம்போட பின்னால நிக்கிற மாதிரி இருக்குது.

உக்காருங்க. மெட்ராஸ்ல இருந்து சித்தூர் வரைக்கும் பஸ்ல குலுங்கிக்கினு வந்திருக்கீங்க, நின்னுக்கினே பேசினா நல்லா இருக்காது. அய்ய, அந்த நாற்காலி வேணாம். எல்லைப் போராட்டத்துக்காரங்க உக்காந்து உக்காந்து அதுல பிரம்பெல்லாம் தொங்கிப் போச்சி. இப்படி வாங்க.

என்ன சொன்னீங்க, திங்கக்கெழமையா? சரியா வெளங்கிக்கினேனா பாருங்க. ஒடைஞ்சி, சேந்து, எட்டு மாசமா என்னோட இருக்கிற இந்த வலது கைய மறுபடியும் ஒடைக்கணும். ஒடைச்சி, நேரா வெச்சி, மாவுக்கட்டு போடணும். அதுக்குத் திங்கக்கெழமை தியேட்டர் காலியா இருக்குது. நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னிக்கே பெரிய டாக்டருக்குத் தந்தி குடுத்துடுவீங்க. அப்படித்தானே? ஒடைக்கிறப்போ மயக்க மருந்து வேற குடுப்பீங்களா. நல்ல மனசு தம்பி உங்களுக்கு.

சொல்றேன், அவசரப்படாதீங்க. என் கையப் பத்தி இந்த ஜில்லாவுல அபிப்பிராயம் சொல்லாத ஆளு நான் ஒருத்திதான். இன்னிக்காவது ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்.

எங்க வீட்டுக்காரரு பேரு வாசல்ல போர்டுல பாத்திருப்பீங்க. ஆமா, கோவர்த்தனன், வக்கீல். அவரேதான். கோர்ட்டுக்குப் போனதவிட மீட்டிங்குக்குப் போனதுதான் அதிகம். ஆந்திரா தனியாப் போச்சா, அன்னியில இருந்து எங்க வீட்டு முன்கூடம் அவங்க ஆபீசு, பின்கட்டு அவங்க ஓட்டலு. சித்தூரு நம்முது, புத்தூரு நம்முது, திருப்பதி நம்முதுன்னு காலையில ஆரம்பிப்பாங்க. இட்லி வந்ததும் நிறுத்துவாங்க. துன்னுட்டுக் கை கழுவிக்கினு திரும்ப ஆரம்பிப்பாங்க. ஒரு சமையல்காரி வெச்சிக்கலாமேன்னு நான் கேட்டேன். வெச்சா இயக்கத்துக்கு ஆடம்பரப் பேரு வந்துடுமாம். பொண்டாட்டி சமைச்சாத் தியாகமாம். யாரோட தியாகம்னு கேட்டேன், மீட்டிங்குக்கு நேரமாச்சின்னு போயிட்டாரு.

வரேன், வரேன், கைக்குத்தான் வரேன்.

போன கார்த்திகையில ஒரு மழை நாளு. திருத்தணி நமக்கு, சித்தூரு அவங்களுக்குன்னு எல்லாம் முடிவாயிடுச்சி. அதக் கண்டிச்சித் தீர்மானம் போடணும்னு முன்கூடத்துல ஒரே கூட்டம். அத்தினி பேருக்கும் நான் பின்கட்டுல சோறு வடிச்சிக்கினு இருக்கேன். கஞ்சித்தண்ணி கொட்டின எடத்துல காலு சர்ருன்னு போச்சி. விழறப்போ கைய ஊனிட்டேன். மளுக்குன்னு ஒரு சத்தம். உள்ள பேச்சு நின்னுச்சி. சரி, ஓடி வராங்கன்னு பாத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் உக்காந்த எடத்துல இருந்தே கேட்டாரு: அம்மா, சாம்பார் கொட்டிடுச்சா?

சிரிங்க, சிரிங்க. நானும் இப்பத்தான் சிரிக்கிறேன்.

நல்ல வேளை, எங்க அண்ணன் ஆதிநாராயணன் அன்னிக்கு ஏதோ நில விவகாரமா நகரியில இருந்து வந்திருந்தாரு. நாங்க நகரிக்காரங்க. எங்க வீட்டுல மாட்டுக்குக் காலு போனாலும் மனுஷனுக்குக் கையி போனாலும் புத்தூரு கட்டுதான். வேற யோசனையே கெடையாது. ஒரு துண்டுல கையத் தூளி கட்டி, என்னை இட்டுக்கினு பஸ் ஏறிட்டாரு. எங்க வீட்டுக்காரரு எங்க இருந்தாருன்னு கேக்குறீங்களா? தீர்மானத்துல கமா எங்க போடுறதுன்னு சண்டை போட்டுக்கினு இருந்தாரு.

கட்டுக்காரரு கையத் தடவிப் பாத்தாரு. ஊரு எது, எத்தினி கொழந்தைங்கன்னு தெலுங்குல கேட்டுக்கினே ஒரு இழு இழுத்தாரு பாருங்க, எனக்குத் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூணுலயும் வாயில வந்துச்சி. அவரு அசரலை. பச்சிலை வெச்சி, மூங்கில் பத்தை வெச்சி, துணி சுத்தி அனுப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்தா இவரு கட்டப் பாத்து மொறைக்கிறாரு. ஒனக்கு வலிக்குதான்னு கேக்கலை. நமக்குக் கெடைக்காத ஊர்லயா போயி கையக் காட்டினேன்னு கேட்டாரு. ஏங்க, நாம குடியிருக்கிற ஊருகூடத்தான் நமக்குக் கெடைக்கலைன்னேன். ஒரு வாரம் பேசலை. சத்தமில்லாத அந்த ஒரு வாரத்துலதான் எலும்பு நல்லாக் கூடிச்சின்னு நெனைக்கிறேன்.

அப்பால கட்டு பிரிச்சதும், கையில லேசா ஒரு மேடு தெரிஞ்சிதா, இவருக்கு எங்க இருந்து வந்துச்சோ அவ்ளோ சந்தோஷம். நேரா மெட்ராஸ், நேரா உங்க ஆஸ்பத்திரி. நீங்க எக்ஸ்ரே எடுத்துட்டு, முள்ளுக்கரண்டியக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குதுன்னு சொன்னீங்க. சொன்னதோட விட்டீங்களா? படத்துல ஒரு காப்பிய இவரு கையில குடுத்தீங்க. அது என்ன ஆச்சின்னு உங்களுக்குத் தெரியாது.

பங்குனியில திருத்தணி மெட்ராஸோட சேந்துச்சி இல்ல, அங்க வெற்றி விழா. அந்த மேடையில பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு நேரா என் எலும்பத் தூக்கிக் காமிச்சி, பாருங்கள் தமிழர்களே, ஒரு மணிக்கட்டை நேராக வைக்கத் தெரியாதவர்கள் கையில் நம் புத்தூரைக் கொடுத்துவிட்டார்கள்னு பேசியிருக்காரு. ஜனங்க கைதட்டி இருக்காங்க. என் எலும்பு மேடை ஏறிச்சி தம்பி, என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடலை. கூப்பிட்டிருந்தா மைக்கப் பிடிச்சி, புத்தூருல கட்டினவரு ராத்திரி எந்த ராஜ்யத்துல படுத்தாரு, காலையில எந்த ராஜ்யத்துல எழுந்தாருன்னு அவருக்கே தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்.

எங்க அண்ணன் மட்டும் லேசா? அவருக்குச் சேதி போயிடுச்சி. நகரி ஆந்திராவோடதான் இருக்கும்னு ஆனதும் அவரு அந்தக் கட்சி ஆயிட்டாரு, சொஸைட்டி எலெக்ஷன் வருது பாருங்க. வந்து சொல்றாரு, தாட்சாயணி, நீ மெட்ராஸுல போயி அந்தக் கைய ஒடைச்சிக்கினா நான் புத்தூரு பஜார்ல தலை காட்ட முடியாதுன்னு. இவரு சொல்றாரு, ஒடைச்சிக்கலைன்னா நான் திருத்தணி பஜார்ல தலை காட்ட முடியாதுன்னு. ரெண்டு பேரும் தலைய எங்கேயாவது காட்டட்டும். ஒடையப்போற கை என்னுதாச்சே!

உங்களையும் விடப்போறதில்ல. கோச்சிக்காதீங்க.

ரிசர்ச்சுன்னீங்க. நாட்டுக்கட்டுல எத்தினி கெட்டுப் போவுது, மாவுக்கட்டுல எத்தினி கெட்டுப் போவுது, எண்ணிப் பாத்து இங்கிலீஷ்ல எழுதப்போறதாச் சொன்னீங்க. நல்ல காரியம். ஆனா நாட்டுக்கட்டு போட்டுக்கினு கையி சரியாப் போனவன் எதுக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வருவான்? அவன் பாட்டுக்கு ஏர் ஓட்டிக்கினு இருப்பான். கோணிப் போனவன்தான் உங்ககிட்ட வருவான். அவனை மட்டும் எண்ணிட்டு, நாட்டுக்கட்டு பூராவும் கோணல்னா எப்படி? ரேஷன் கடை வாசல்ல நின்னுக்கினு, ஊர்ல ஒருத்தன் வீட்லயும் அரிசியே இல்லைன்னு எழுதற மாதிரி இல்ல?

பெரிய டாக்டர்கிட்ட கேக்குறீங்களா? கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பொம்பளை சொன்னதுன்னா கேக்க மாட்டாரு.

இன்னொண்ணு. போன தரம் கேள்வி கேட்டு எழுதினீங்களே, வேலைக்குத் திரும்பினது எப்போன்னு. நான் பதில் சொல்றதுக்குள்ள நீங்களே கோடு இழுத்துட்டீங்க. தொழில் ஒண்ணுமில்ல, அதனால திரும்பறதுக்கும் ஒண்ணுமில்ல. லாரி டிரைவர் கைய ஒடைச்சிக்கினா எத்தினி வாரத்துல ஸ்டியரிங் புடிச்சான்னு எழுதறீங்க. நான் அண்டா புடிச்சது உங்க கணக்குலயே வரலை. தப்புன்னு சொல்லலை. அண்டாவ எப்போ திரும்பத் தூக்குவேன்னு யாரும் கணக்கு கேக்காதது ஒரு விதத்துல எனக்கு வசதியாத்தான் போச்சி.

எப்படின்னா, கை இப்படி ஆனதும் அண்டா தூக்க முடியாது, அம்மி அரைக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். மொத வாரம் இயக்கத்துக்காரங்க காபிக்குக் காத்திருந்தாங்க. ரெண்டாவது வாரம் வேற வக்கீல் வீட்டுக்கு ஆபீச மாத்திக்கினாங்க. கொள்கை பெருசுதான், அதுக்குன்னு வெறும் வயித்தோட இருக்க முடியுமா? இவரு மொதல்ல ஓட்டல்ல எடுப்புச் சாப்பாடு வாங்கினாரு. வயிறு கெட்டுது. அப்பால அவரே அடுப்புகிட்டப் போனாரு. இப்ப நல்லாவே ரசம் வெக்கிறாரு. தாளிக்கிறப்போ மட்டும் எண்ணெய் தெறிச்சா, சர்க்கார எதுத்துப் பேசற அதே தொண்டையில பேசுவாரு.

நானா? சும்மா உக்காந்திருப்பேன்னு பாத்தீங்களா. இங்க கான்வென்ட்ல புதுசா வந்த மதர் சுப்பீரியர் வேலூர்ல எனக்கு சீனியர். பெரிய கிளாஸ் பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் படிச்சிக் காட்டி, வாயத் தெறந்து பேச வெக்க ஆளு இல்ல, நீ வரியான்னு கேட்டாங்க. முன்ன ஒரு தரம் கேட்டப்போ, வீட்டு வேலைய யாரு பாக்குறதுன்னு இவரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. இந்தத் தரம் என்ன சொன்னாரு தெரியுமா? பாவம், கைதான் ஒண்ணுத்துக்கும் ஆவாது, வாயாவது பிரயோசனப்படட்டும், போயிட்டு வா. அவரு வாயால வந்த வார்த்தை. அன்னியில இருந்து போய்க்கினு இருக்கேன். போர்டுல எழுத வேண்டியத சுலோசனான்னு ஒரு கெட்டிக்காரப் பொண்ணு எழுதிடும். மொதல்ல மே ஐ கம் இன்னு கேக்கவே அழுத பொண்ணு அது. நேத்து என் உச்சரிப்புலயே தப்பு கண்டுபிடிச்சிச்சி. வீட்டுக்கு வந்து தூக்கமே வரலை தம்பி, அவ்ளோ சந்தோஷம்.

இப்ப நீங்க திங்கக்கெழமைன்னு வந்து நிக்கிறீங்க. கைய நேராக்கிட்டா இவரு மொத வேலையா என்ன செய்வாரு சொல்லுங்க? கரண்டியக் கீழ வெப்பாரு. ரெண்டாவது வேலையா இயக்கத்துக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புவாரு. அடுத்தது திருப்பதிக்கு ஏதோ போராட்டம் வெச்சிருக்காங்களாம். திருப்பதி வேணும்னா மொதல்ல இட்லி வேணும்.

இல்ல தம்பி, பயம் இல்ல. மயக்க மருந்துக்கும் பயம் இல்ல, கத்திக்கும் பயம் இல்ல. உங்க பெரிய டாக்டரு கெட்டிக்காரரு, நேராத்தான் வெப்பாரு. அதுதான் எனக்குக் கவலை.

அப்ப என்ன எழுதறதுன்னு கேக்குறீங்களா. மோசம்னு எழுதிட்டு, ஆபரேஷனுக்கு நோயாளி சம்மதிக்கலைன்னு எழுதிடுங்க. நாட்டுக்கட்டு கேஸு இன்னும் ஒண்ணு ரெண்டு கொறையுதுன்னு போன தரம் அலுத்துக்கினீங்களே. ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். எங்க வீட்டுக்காரருக்கும் அந்த மோசம்ங்கிற வார்த்தைதான் பிடிக்கும்.

இன்னும் ஒரு பரீட்சை பாக்கியா? என்ன அது? உங்க ரெண்டு வெரலையும் நான் புடிச்சி முடிஞ்ச மட்டும் அழுத்தணுமா? எதுக்கு தம்பி, வேணாமே. ரிப்போர்ட்டு முழுசா இருக்கணும்னா... சரி. குடுங்க. கொஞ்சம் கிட்ட வாங்க.

உஷ்! கத்தாதீங்க தம்பி! உள்ள அவரு வெங்காயம் உரிச்சிக்கினு இருக்காரு.

ஆமா. பங்குனியில இருந்தே இப்படித்தான். படத்துலதான் கோணல். வாளி வாளியாத் தண்ணி எறைப்பேன், அவரு கோர்ட்டுக்குப் போன அப்பால. அந்தக் கட்டுக்காரருக்கு ஒரு கொறையும் வராது, விடுங்க. உங்க இங்கிலீஷப் படிச்சிட்டு எலும்பு ஒடைஞ்சவன் புத்தூருல இருந்து வண்டியத் திருப்பப்போறானா? வெரல ஊதிக்குங்க, சரியாப் போயிடும்.

ஒண்ணுமில்லீங்க, நீங்க அடுப்பப் பாருங்க! டாக்டரு தம்பி கையத் தொட்டுப் பாத்தாரு, உயிரே போற மாதிரி வலிச்சிடுச்சி. அதான் கத்திட்டேன்.