மேம்பாலத்தில் சின்னவன்

ஹலோ... ஹலோ... சத்தமா பேசுடா, இங்க மழை இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல... ஆமா, அக்காதான். என் போனை வேற யாரு எடுப்பா, கப்பல் கேப்டனா?

காலையிலேருந்து உனக்குப் போட்டுப் போட்டு விரல் தேஞ்சு போச்சு. ஏண்டா எடுக்கல?... சைலண்ட்ல இருந்துச்சா... ஏன்?... ஓ, பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தியா. கார்ல உக்காந்து. சரி சரி. நல்ல விஷயம். நாங்களும் இங்க தண்ணி சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

சின்னவன் எப்படி இருக்கான்? நனைஞ்சிட்டானா? தும்முறானா?...

நான் கிண்டல் பண்ணல. அந்தக் காருக்குச் சின்னவன்னு பேரு வச்சதே அப்பாதானே. இந்த வீட்டோட ரெண்டாவது பையன் மாதிரி பாத்துக்கிறேன்னு நீதானே பெருமையா சொன்ன. அதான் கேக்குறேன். மேம்பாலத்து மேல காத்து நல்லா வருதா அவனுக்கு?...

ம்... ம்... ஆமா, தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. முதல்ல குளியலறை ஓட்டை வழியாத்தான் எட்டிப் பாத்துச்சு. அப்புறம் மரியாதையா வாசல் வழியாவே வந்துடுச்சு. தடுக்கிறதுக்கு என்ன இருக்கு? வாசல்ல அடுக்கி வச்சிருந்த மணல் மூட்டை எங்க போச்சு?... எங்கடா போச்சு?... சொல்லு, உன் வாயால கேக்கணும்...

டயருக்கு. ம். சின்னவன் சரிவுல உருண்டுறக் கூடாதுன்னு. அப்பா கட்டிலை உயர்த்துறதுக்கு வச்சிருந்த செங்கல்லு?... அதுவும் டயருக்கு. தார்ப்பாய்?... சொல்ல வேணாம், தெரியும். சின்னவன் போத்திக்கிட்டு இருப்பான்.

டேய், வெள்ளம் வரப் போகுதுன்னதும் வீட்டுல இருந்த பாதுகாப்புச் சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டி, இந்தத் தெருவுலேயே உசரமான இடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்ட. வீட்டை மட்டும் மறந்துட்ட. காரை நிறுத்திட்டு உடனே வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போனவன், வேற எவனாவது இடிச்சிடுவான்னு அங்கேயே காவலுக்கு உக்காந்துட்ட...

அப்பாவா? அப்பாவுக்கு என்ன, ராஜா மாதிரி கட்டில்ல உக்காந்திருக்காரு. சுத்தி அகழி. குப்பைக்கூடை கட்டிலைச் சுத்தி வலம் வருது. என் செருப்பு ஒண்ணு ஹாலுக்குப் போயிட்டு, பிடிக்காம திரும்பி வந்துடுச்சு...

சிரிக்காத. சிரிக்கிற உரிமை இப்போதைக்கு உனக்கு இல்ல.

அப்பா கால் அப்படியேதான் இருக்கு. மாவுக்கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அதனால குப்பை போடுற பையை மாட்டி நூல் போட்டுக் கட்டியிருக்கேன். உன் கார் சீட்டுக்கு மட்டும் கடையில போட்டுக் குடுத்த பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கல நீ. அழுக்காயிடும். அப்பாவுக்குக் குப்பைப் பை... கால் எதுல ஒடிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா?... இருக்கும்ல. சின்னவனைக் குளிப்பாட்டப் போயி, சோப்புத் தண்ணியில வழுக்கி...

சரி, விடு. பழைய கதை வேணாம். நான் எதுக்குக் காலையிலேருந்து போட்டேன்னு கேளு. மாடி வீட்டு டீச்சர் ஊருக்குப் போறப்ப உங்கிட்டதானே சாவி குடுத்தாங்க? மழை வந்தா ஜன்னல் சாத்தச் சொல்லி?... அதைக் கொண்டா. இப்பவே கொண்டா. இந்த வரிசையில மாடி உள்ளதே நம்ம வீடு ஒண்ணுதான். மாடிப்படி கிரில் கதவைப் பூட்டிட்டுப் போயிருக்காங்க. கதவைத் திறந்தா நானும் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனும் அப்பாவை நாற்காலியில வச்சுத் தூக்கி மேல கொண்டு போயிடுவோம். அந்த மனுஷன் தன் வீட்டு ஆளுங்களைத் தண்ணி வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டு, இங்க வந்து நமக்குக் கரண்ட்டைத் துண்டிச்சு, பூட்டைக் கம்பியால நெம்பி, கம்பியும் வளைஞ்சு நிக்கிறாரு. பூட்டு எங்களைப் பாத்துச் சிரிக்குது. சுத்தியல் எங்கன்னு கேக்குறாரு. எங்கடா?...

டிக்கியில. அதானே. நான் ஏன் கேக்குறேன்.

சரி, கிளம்பு. தெரு முனைதானே மேம்பாலம். ஓரமா சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தா வந்துடலாம். அங்க இன்னும் இடுப்பளவுதான்னு எலெக்ட்ரீஷியன் சொல்றாரு... ம்?... என்ன, ஏன் இழுக்குற?...

என்ன?

இரு. மறுபடி சொல்லு. மெதுவா சொல்லு...

மணல் மூட்டையைச் சரி பண்ண இறங்குன. சரி. காத்துல கதவு சாத்திக்கிச்சு. சரி. தானாப் பூட்டிக்கிச்சு... சாவி?... உள்ள.

கார் சாவி காருக்குள்ள. நீ வெளிய. மழையில.

ஹா... இல்ல இல்ல, நான் சிரிக்கல. தொண்டையில ஏதோ... ஆமாடா, சிரிக்கிறேன். என்ன பண்ணச் சொல்ற? காரைக் காவல் காக்கப் போனவனைக் காரே வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுச்சு. சின்னவனுக்கு உன்னைவிட வெவரம் ஜாஸ்தி.

அப்ப நீ எங்களை விசாரிக்கப் போன் பண்ணல. அப்படித்தானே?... மாத்துச் சாவி கேட்டுப் பண்ணியிருக்க...

இருக்கு. என் கையிலதான் இருக்கு. காயற துணி மாதிரி ஆணியில உசரமாத் தொங்கவிட்டிருந்தேன், நனையல. அதை விடு. மாடிச் சாவி எங்க?...

பேச்சை மாத்தாத... டேய். மாடிச் சாவி எங்க?

கார் சாவியோட.

ஒரே வளையத்துல.

ஏன்?... "தொலைஞ்சிடக் கூடாதுன்னு." அடப்பாவி. சரிதான். ஒரு வகையில நியாயம்தான். இந்த உலகத்துல நீ தொலைக்காத ஒரே பொருள் அந்தக் கார் சாவி. இப்பவும் தொலைக்கல பாரு, கண்ணு முன்னாலயே இருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எட்டிப் பாத்தா தெரியுதா?... தெரியுதா! ஸ்டியரிங்குக்குக் கீழ தொங்குதா! நல்லா இருக்கா? டாட்டா காட்டு.

... ம். ம். சொல்லு, உன் திட்டத்தைச் சொல்லு... நீ இங்க வருவ. சரி. மாத்துச் சாவிய வாங்குவ. திரும்பிப் போவ. காரைத் திறப்ப. மாடிச் சாவிய எடுப்ப. மறுபடி இங்க வருவ. நல்ல திட்டம். நீ போயி வந்து போயி வர்றதுக்குள்ள அப்பா கட்டிலோட மிதந்து வந்து உன்னைப் பாதி வழியில பாத்துடுவாரு.

எலெக்ட்ரீஷியன்கிட்ட சாவியக் குடுத்து அனுப்பவா? அவரு ஏன் வரணும்? அவரு எனக்குத் தம்பியா, உனக்கு டிரைவரா? அவரு போயிட்டா இங்க அப்பாவைத் தூக்க யாரு, குப்பைக்கூடையா?... தீயணைப்புக்குப் போட்டேன். படகு வருது, வரிசையில இருக்கீங்கன்னாங்க...

கார் கம்பெனி உதவி எண்ணா? பண்ணுனியா நீ? என்ன சொன்னான்?... உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒரு பொண்ணு சொல்லுச்சா. சந்தோஷம். அந்தப் பொண்ணுக்காவது முக்கியமா இருக்கே.

தம்பி, நல்லாக் கேளு. இப்ப கிண்டல் இல்ல. டயருக்கு அண்டக் குடுத்திருக்கியே செங்கல்லு, அதுல ஒண்ணை உருவு...

எதுக்கா? உனக்கே தெரியும் எதுக்குன்னு.

ஹலோ?... இருக்கியா?... கத்தாத. யாரும் உன் காரைக் கொல்லச் சொல்லல. ஒரு கண்ணாடி. கண்ணாடி மாத்திக்கலாம்... எந்தப் பக்கமா? அதையும் நான்தான் முடிவு பண்ணணுமா? முன் கண்ணாடியை அடிக்காத, அது லேசுல உடையாது... பின்னால சின்னக் கண்ணாடியா? முக்கோணமா இருக்குமே, அதுவா? அது வழியா உன் கை சாவி வரைக்கும் போகுமா? நீ என்ன யானையா, தும்பிக்கை வச்சிருக்கியா? டிரைவர் சீட்டுப் பக்கம் உடைடா...

மழை உள்ள வரும். ஆமா, வரும். சீட்டு நனையும். உறை போட்டுத்தானே வச்சிருக்க, இத்தனை நாளா எந்த நாளுக்காக வச்சிருந்தியோ தெரியாது, அந்த நாள் வந்துடுச்சு...

என்னப்பா?... இருடா, அப்பா என்னமோ சொல்றாரு... என்னப்பா?... அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க காலைத் தூக்கி வைங்க...

ம், கேட்டுட்டாரு. நான் மெதுவாப் பேசுனா உனக்குக் கேக்கல, சத்தமாப் பேசுனா அவருக்குக் கேட்டுடுது. என்ன சொல்றாரு தெரியுமா? "வேணாம்மா, ஆசைப்பட்டு வாங்குன வண்டி, உடைக்கச் சொல்லாத, நான் இப்படியே இருந்துக்கிறேன்"னு சொல்றாரு. அப்புறம் என்ன கேட்டாரு தெரியுமா? "அவன் குடை எடுத்துட்டுப் போனானா"ன்னு கேட்டாரு.

...



இரு... அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க... ஆமா, தலகாணியை அடியில குடுங்க... அப்பா, அசையாதீங்க, அசையாதீங்க... தம்பி, கட்டில் பலகை நனைஞ்சிடுச்சு. தண்ணி மேல வந்துடுச்சு. குப்பைப் பைக்குள்ள போகுது போல, அவரு மூஞ்சியைப் பாத்தா தெரியுது, வலிக்கலன்னுதான் சொல்றாரு. காலைத் தூக்கி என் தோள்ல வச்சிருக்கேன். போனைக் கழுத்துல இடுக்கியிருக்கேன். ரொம்ப நேரம் முடியாதுடா. என்னால முடியாது. கேக்குதா?

நான் உன்னைத் திட்டல. திட்டுறதுக்கு இன்னும் வருஷக்கணக்கா நேரம் இருக்கு. உன் கல்யாணத்துல மைக் வச்சுத் திட்டுறேன். இப்ப நான் கேக்குறது ஒண்ணுதான். கார் அங்கேயே இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுதானே மேம்பாலத்துல இருக்கு. நாங்கதான் கீழ இருக்கோம்.

... ம்... ம்... எடுத்துட்டியா?... எந்தச் செங்கல்?... உருளாது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேல்ல? அப்புறம் என்ன... போனைப் பாக்கெட்டுல போட்டுக்கோ. கட் பண்ணாத. கண்ணை மூடிக்கோ. மூஞ்சியத் திருப்பிக்கோ... டேய், மன்னிப்பெல்லாம் கார்கிட்ட அப்புறம் கேக்கலாம்! அடி!

...

இது என்ன சத்தம், தட்டிப் பாக்குறியா? கதவைத் தட்டி உள்ள வரலாமான்னு கேக்குறியா? ஓங்கி அடிடா!

...

...

உடைஞ்சுதா?... உடைஞ்சுடுச்சு! ஐயோ, என்ன இப்படிக் கத்துது... அலாரமா? கத்தட்டும், கத்தட்டும், ஊரே கேக்கட்டும். கையில கீறுச்சா?... ரொம்பவா?... கைக்குட்டை சுத்திக்கோ. சாவி?... கையில இருக்கா? மாடிச் சாவி, அந்தப் பெரிய பித்தளைச் சாவி, பாத்துச் சொல்லு... இருக்கா. சரி. டிக்கியைத் திறந்து சுத்தியலையும் எடுத்துக்கோ, துரு பிடிச்ச பூட்டு, நம்ப முடியாது... தார்ப்பாயா? உடைஞ்ச பக்கம் போட்டு மூடிட்டு வர்றேங்குறியா...

என்னது? உருவிட்டியா? அப்பாவுக்கா?...

... ம். சரி. கொண்டா. மேல ஏத்தினதும் போத்தி விடலாம். குளிர்ல நடுங்குறாரு.

அழறியா?... மழைத் தண்ணியா. சரி, மழைத் தண்ணிதான். நானும் நம்புறேன். சுவரு ஓரமா வா. சாக்கடை மூடி திறந்திருக்கும், காலை வச்சுப் பாத்து வா. ஓடாத. ஓடி வா. இல்ல, ஓடாத...

அலாரத்தை ஏன் நிறுத்தல?... நிறுத்தக்கூட நிக்கல? வந்துக்கிட்டே இருக்கியா?... சரி, வா.

என்னப்பா?... இந்தாங்க, காதுல வைக்கிறேன், கேளுங்க... கேக்குதா? தூரமாப் போயிட்டே இருக்குல்ல?... ஆமாப்பா. சின்னவன்தான் கத்துறான்.

பெரியவன் வர்றான்.