முப்பது மில்லி ஆம்பியர்

சர்வர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேதா போட்ட விதி. தூசி வருமாம். எனக்கும் அது பிடித்திருந்தது. வாசலில் அவளுடைய நீலச் செருப்பு கிடந்தால் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நேரில் நான் அவளை மேடம் என்றுதான் அழைப்பேன். எழுதும்போது வேதா என்றே வருகிறது. தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி.

என் பெயர் ஃபெலிக்ஸ். ஊர் தூத்துக்குடி. மாரெட்பள்ளியில் இருக்கும் அந்த மென்பொருள் அலுவலகத்தில் மூன்று வருடமாக மின்சார வேலைகளைப் பார்க்கிறேன். மெட்டுகுடாவில் ஒற்றை அறையில் வாசம். ரயில் அறிவிப்புகள் அங்கே மூன்று மொழிகளில் கேட்கும். மூன்றிலும் என்னுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவன்பள்ளி சந்தைக்குப் போவேன். அங்கே மூட்டைக் கணக்கில்தான் விற்பார்கள். எனக்கு இரண்டு கத்தரிக்காய் போதும். ஆனாலும் கூட்டத்தில் யாராவது தோளில் இடித்து, தெலுங்கில் "ஜருகு", நகரு என்பார்கள். சில வாரங்களில் எனக்கென்று சொல்லப்பட்ட முதல் சொல் அதுவாகவே இருக்கும்.

பழுதைப் பற்றிக் கேட்டீர்கள். அது பழுதே அல்ல. ஒவ்வொரு சர்வரும் கொஞ்சம் மின்சாரத்தைப் பச்சை வயர் வழியாகப் பூமிக்குக் கசியவிடும். அவற்றின் அமைப்பு அப்படி. ஒன்றுக்கு மூன்று மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் எட்டு சர்வர்கள், எல்லா சாக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே பிரேக்கர். கசிவு முப்பதை எட்டினால், யாருக்கோ ஷாக் அடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது விழுந்துவிடும். இருபத்துநான்கு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கால ஈரம் மிச்சத்தைச் சேர்த்தது.

சாக்கெட்டுகளை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி பிரேக்கர் போட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. முதல் தடவை விழுந்தபோதே எனக்குத் தெரியும். செய்யவில்லை.

"மறுக்காவும் போச்சுங்ண்ணா." போனில் இவ்வளவுதான் பேசுவாள். எங்கள் அழைப்புகள் பத்து விநாடியைத் தாண்டியதில்லை. நான் போய் பிரேக்கரைத் தூக்கிவிடுவேன். சர்வர்கள் முழுதாக எழுந்திருக்க முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அதுவரை இருவரும் தரையில் உட்கார்ந்திருப்போம்.

"இது மெஷினுங்களா, மாமியாருங்களா? சும்மா சும்மா கோவிச்சுக்குது."

"மேடத்துக்குத்தான் கல்யாணமே ஆகலியே. மாமியார் கோவம் எப்பிடித் தெரியும்?"

"இதை வெச்சுத்தானுங்ண்ணா பழகிக்கறேன்."

அவள் கோயம்புத்தூர்ப் பெண். சில நாள் டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துவாள். "சாப்டீங்களாண்ணா? பொய் சொல்லாதீங்க, மூஞ்சியே சொல்லுது."

மழை நின்றதும் பிரேக்கர் விழுவதும் நின்றது. அதில் ஒரு சோதனை பட்டன் உண்டு. மாதம் ஒரு முறை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. நான் விதிப்படிதான் அழுத்தினேன். மாதம் ஒரு முறை என்பது பிறகு வாரம் ஒரு முறையானது.

மேனேஜர் ராஜகோபால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்; ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஒரு நாள் என் முன்னால் வைத்தே வேதாவிடம் கேட்டார். "கைக்கு மா இப்படி ஆவுது? இன்னொரு தடவை நக்கோ. ஆச்சுன்னா உன்னை கச்சிபௌலி ஆபீஸுக்கு மாத்திடுவேன்." அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாத்துக்கிடுதேன், மேடம்" என்றேன்.

அன்று மத்தியானமே சாக்கெட்டுகளின் வயரை பிரேக்கருக்குள் நுழையாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி மாற்றினேன். பிரேக்கர் சுவரில் இருந்தது, எதையும் காக்கவில்லை. முறையாகவே பிரித்திருக்கலாமே என்பீர்கள். பிரித்திருந்தால், இவ்வளவு எளிதா, ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று வேதா கேட்டிருப்பாள்.

அதன்பின் ஒரு தடவைகூட மின்சாரம் போகவில்லை. மகிழ்ச்சியில் அவள் வீட்டில் செய்த ஒப்புட்டு, அதாவது போளி, கொண்டுவந்து கொடுத்தாள். தைரியம் வந்து இன்னும் எட்டு சர்வர்களை அதே சாக்கெட்டுகளில் சேர்த்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட அவளுக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. நாற்பத்து மூன்று நாட்கள். நான் அந்த வழியாகப் போவேன். செருப்பு வாசலில் கிடக்கும். கதவு மூடியிருக்கும்.

போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மின்பலகையில் அந்த அறைக்கான பச்சை வயரைக் கழற்றினேன். சர்வர் அலமாரியைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்னும். அவள் கூப்பிடுவாள். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

கணக்கு நினைவில் இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நினைவில் இருந்தது. பதினாறு சர்வர்களுக்கு நாற்பத்தெட்டு. பூமிக்குப் போக வழியில்லாவிட்டால், தொடுகிறவர் உடல் வழியாக அத்தனையும் போகும். ஏசி தண்ணீர் ஒழுகித் தரை நனைந்து கிடப்பதும், அவள் வெறுங்காலோடு நிற்பாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விரல் நுனியால்தான் தொடுவாள் என்று நினைத்தேன்.

அப்படித்தான் தொட்டாள். பதினொன்று இருபதுக்கு போன் வந்தது.

"ஃபெலிக்ஸ்ணா, அலமாரி சுரீருனு அடிக்குதுங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

நான் ஒரு மாடி கீழே, படிக்கட்டில் இருந்தேன். இருபது படி. வந்துவிட்டேன் என்று சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

"எங்கன அடிக்குது, மேடம்?"

"கதவுலதானுங்ண்ணா."

"கைப்பிடியிலயா, கம்பியிலயா?"

"தெரியலீங்களே." சிரித்தாள். "ரொம்ப நாளாச்சு, உங்ககிட்ட கேள்வி வாங்கி."

"நல்லாப் பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"சரிங்ண்ணா."

அலறல் எதுவும் கேட்கவில்லை. கை இறுகிக்கொண்டால் குரலும் வராது என்று பிறகு மருத்துவர் சொன்னார். போனில் சர்வர்களின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் முப்பத்தைந்து நிமிடங்களிலும் அந்தச் சத்தம்தான் கூடவே இருக்கும். நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மேலே போனேன். நீலச் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, ஜோடியாக வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

பச்சை வயரைக் கழற்றியது நான். பிரேக்கரை விலக்கியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எங்களுக்குள் ஒன்றுமே இல்லை என்று, அவள் மரணம் பற்றிய உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை மட்டும் திருத்த வேண்டும். என் போன் உங்களிடம்தான் இருக்கிறது, பாருங்கள். அந்தக் கடைசி அழைப்பு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அவளும் வைக்கவில்லை.