பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

உட்காருங்கள் மஹ்ரூப். தேநீரில் சீனி கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் புஷ்பம் போனபிறகு நானேதான் ஊற்றுகிறேன். இன்னும் கை பழகவில்லை. நகரசபை ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் நீங்கள், இந்த வெயிலில் அம்பிட்டிய மேடேறி வந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் என்னை அப்படி வெறித்துப் பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் முறையாகச் சொல்கிறேன். விஷயம் ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்கியது.

என் மருமகன் இராமநாதன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வங்கி வேலை. கல்யாணம் முடிந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது மோட்டார் சைக்கிளையும் கூடவே கொண்டுவந்தார். அது அவருடைய தாய்மாமன் தம்பிராசா பாசத்தோடு கொடுத்தது. பதிவு மட்டும் மாமன் பெயரிலேயே இருந்தது. தகட்டில் வட மாகாணத்து எழுத்தான என்.பி. அப்படியே இருந்தது. அதனால் வருடாந்த லைசன்ஸ் புதுப்பிக்க வருடம் ஒருமுறை யாழ்ப்பாணம் போயாக வேண்டும். போனால் மாமன் வீட்டில் தங்கி, கோயில் குளமெல்லாம் பார்த்து, ஒரு கிழமை, ஏழு நாளும் கழித்துத்தான் திரும்புவார்.

அந்த ஒரு கிழமைதான் என் வருடம்.

மருமகனைக் குறை சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். ஆனால் என் சாய்வுக் கதிரையில்தான் உட்காருவார். என் வீட்டில் காலையும் மாலையும் புட்டு. புட்டைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. வாரத்தில் ஒருநாள் என்றால் நானும் சாப்பிடுவேன். அவர் ஊருக்குப் போன கிழமையில் மட்டும் புஷ்பம் எனக்கு ரொட்டி சுட்டு, செத்தல் மிளகாயில் கட்டச் சம்பல் இடித்துக் கொடுத்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவாள். அவள் அம்மா வடிவம்மா இறந்தபிறகு அந்தப் பேச்சு ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

அப்படியிருக்கையில் ஒருநாள் மருமகன் சொன்னார்:

"மாமா, இனி இஞ்சதானே இருக்கப்போறம். மோட்டச்சைக்கிளை என்ர பேருக்கு மாத்தி, கண்டி நம்பரே போட்டிடுவம். ஒவ்வொரு வருஷமும் உந்த அலைச்சல் ஏன்?"

நல்ல யோசனை என்றேன். நகரசபையில் இத்தனை வருடம் இருந்தவன், அலுவலகங்களில் எனக்கு ஆள் தெரியும், நானே முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். முதல்முறை அவரைப் பௌர்ணமிப் போயா விடுமுறையில் அனுப்பினேன், அலுவலகம் பூட்டியிருந்தது. அடுத்தமுறை ஒரு கையெழுத்துக்காகத் தூரத்து ஊரான கலகெதரவுக்கு அனுப்பினேன். அப்படி ஒரு கையெழுத்தே தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாது. புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் பெட்ரோல் டாங்கியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். அன்று மோட்டார் சைக்கிள் போன வழியெல்லாம் வடை சுடுகிற வாசம் வந்ததாகச் சொன்னார்கள். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். யாருக்கும் காயமில்லை.

பிறகுதான் தம்பிராசா தொலைபேசி எடுத்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"தம்பிட்டச் சொல்லுங்கோ, நான் வெள்ளிக்கிழமை ரயிலேறி வாறன். நேர வந்து கையெழுத்து வைச்சால் அலுவல் முடிஞ்சுதுதானே."

மருமகனிடம் நான் சொல்லவில்லை. கையெழுத்து வைக்க இருவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். தம்பிராசா கண்டிக்கு வரும்போது இராமநாதன் யாழ்ப்பாணத்தில் இருந்தால் விஷயம் மீண்டும் தள்ளிப்போகும். அவரை உடனே பஸ் ஏற வைக்க என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஒரு மரணம் தவிர வேறெதுவும் அவரை அவ்வளவு அவசரமாக ஊருக்கு அனுப்பாது. அங்கே அவருக்கு உயிரான உறவு ஒன்றே ஒன்று. அந்த மனிதர் தனிக்கட்டை, கைத்தொலைபேசியும் கிடையாது. ரயிலில் இருக்கும்போது வீட்டுத் தொலைபேசியை யார் எடுப்பார்கள்?

மருமகன் காலையில் பல் விளக்குமுன் பார்ப்பது இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களைத்தான். எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. நாலைந்தை வாசித்து நடையைப் பிடித்துக்கொண்டேன். 'யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட தம்பிராசா அவர்கள் இறைவனடி சேர்ந்தார்.' எழுதும்போதே எனக்குத் தோன்றியது, அந்த மோட்டார் சைக்கிளின் சிக்கலும் இதேதான். யாழ்ப்பாணம் பிறப்பிடம், கண்டி வதிவிடம். படத்துக்குக் கல்யாண ஆல்பத்தில் தேடினேன். அவர் மாலையோடு நின்ற ஒன்று வசதியாகக் கிடைத்தது. வியாழன் இரவே எல்லாவற்றையும் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மருமகன் அழுத அழுகையைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் கொக்குவிலுக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிறிது நேரத்தில் பையோடு வெளியே வந்தார். பின்னாலேயே புஷ்பமும் பையோடு வந்தாள். செத்த வீட்டுக்கு மனைவியும் போவாள் என்பது, மஹ்ரூப், உண்மையாகவே என் மூளையில் ஏறவில்லை. நான் மோட்டார் சைக்கிளை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட தம்பிராசா வந்து சேர்ந்தார். கையில் பனங்களியைக் காயவைத்த பனாட்டுப் பொட்டலம். பிள்ளைகள் ஒரு அவசர விஷயமாக யாழ்ப்பாணம் போயிருக்கிறார்கள், வரும்வரை தங்குங்கள் என்றேன். அவர் என் கதிரையில் உட்காரவில்லை; கேட்டுவிட்டு மற்றதில் உட்கார்ந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. நான் சுட்ட ரொட்டி ஓரமெல்லாம் கருகியிருந்தது. அதையும் ருசித்துச் சாப்பிட்டார். மறுநாள் வாவிக்கரையில் நடந்தோம், தலதா மாளிகையைப் பார்த்தோம், பேராதனைப் பூந்தோட்டத்துக்கும் அழைத்துப்போனேன்.

அன்று மாலை புஷ்பம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா, பெரிய மாமாவோட பொடிய காணோம்பா. வீடு பூட்டிக் கெடக்கு. எல்லா ஆஸ்பத்திரியும் தேடிட்டோம். பந்தலு வேற போட்டாச்சு. கனடாவிலருந்து ஆளுங்க பிளேன் ஏறிட்டாங்களாம்."

பின்னாலிருந்து தம்பிராசா கேட்டார்: "ஆர், புஷ்பமோ? நான் நல்ல சுகம் எண்டு சொல்லுங்கோ."

நான் புஷ்பத்திடம், "மாமா எங்க இருந்தாலும் நல்லா இருப்பாரும்மா. கவலப்படாத," என்றேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அவருக்கு இன்னொரு ரொட்டி வைத்தேன். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலரும் சொன்னார்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மறுநாளைக்குக் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாட்டிக்கொண்டது எதில் தெரியுமா? அறிவித்தலின் அடியில் 'பதினாறாம் நாள் கருமாதி' என்று போட்டிருந்தேன். வேறு எப்படிப் போடுவேன்? என் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தோம், வடிவம்மாவுக்கும் அப்படித்தான். பந்தலில் இருந்த யாரோ ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "உது ஆர் எழுதினது? எங்கட ஆக்களுக்கு முப்பத்தொண்டிலயெல்லோ அந்தியேட்டி?" என்று கேட்டிருக்கிறார். மருமகன் அறிவித்தலை மறுபடி வாசித்து, பதினாறு யாருடைய வழக்கம் என்று கணக்குப் போட்டாராம். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாமா, அம்மான் உங்க நிக்கிறாரோ?"

"சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு வழியாகச் சமாளித்திருப்பேன். யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். மோட்டார் சைக்கிளை லொறியில் ஏற்றினார்கள். அங்கே என்.பி. எழுத்துக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. அந்தத் தலையிடி அத்தோடு தீர்ந்தது. புறப்படும்போது புஷ்பம், "அப்பா, ரொட்டி வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா தினமும் சுட்டிருப்பேனே," என்றாள். எனக்கு அழுகை வந்தது. கேட்கத்தான் தோன்றவில்லை.

தம்பிராசா மட்டும் இன்றும் என்னோடு பேசுகிறார். செத்தபிறகுதான் தன்னைச் சொந்தக்காரர்கள் இவ்வளவு தேடினார்கள் என்று சிரிக்கிறார். புஷ்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். முன்பு 'ஆமாப்பா' என்பாள், இப்போது 'ஓம் அப்பா' என்கிறாள். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள், வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

ஆகவே நேற்று மாலை நான் இன்னொன்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். 'கண்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற நகரசபை எழுதுவினைஞர் நடராஜா அவர்கள்.' படம் உங்களுக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தமுறை பிழை விடவில்லை, மஹ்ரூப். 'முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி' என்றே போட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பதினாறுதான். ஆனால் முப்பத்தொன்று என்றால் பிள்ளை கூடுதல் நாட்கள் என்னோடு இருப்பாள்.

கையில் இருக்கிற மலர்வளையத்தை வாசலில் சாத்திவிட்டு வாருங்கள். அவள் வரும்போது முதலில் அது கண்ணில் படட்டும். ரொட்டிக்கு மா எடுத்து வைத்திருக்கிறேன், தேங்காயும் துருவியாயிற்று. காலையிலிருந்து அவர்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்கள்.