இறந்தவர் பெயரில் ஓடிய வேலை

இல்லை, அந்தப் பதிவை அழித்தது அவருடைய மனைவி அல்ல. யாருமே அல்ல. அந்த லாகினில் அன்று ஒரு மனிதரும் உள்ளே வரவில்லை.

என் பெயர், முகவரி மேலே எழுதப்பட்டிருப்பது சரி. வயது இருபத்தெட்டு. தனியாக வசிக்கிறேன். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலை. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். என் சீனியரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாரடைப்பில் இறந்துபோனார். அதன் பிறகு நான் மட்டும். ஏசி இரண்டு பேருக்கானது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்வேன்.

பழைய நோயாளிப் பதிவுகளைத் தனிச் சேமிப்புக்கு மாற்றிவிட்டு, நடப்பு டேட்டாபேஸிலிருந்து நீக்கும் வேலை ஒன்று தினமும் மாலையில் தானாக ஓடும். அமைத்தவர் அண்ணா, எனவே அவர் பெயரில் ஓடும். அவர் இறந்ததும் நிர்வாகம் அவருடைய லாகினை மூடியது. அதன் பிறகு அந்த வேலை ஓடவில்லை. ஓடாத ஒவ்வொரு மாலையும் எனக்கு ஒரு மெயில் வரும், வேலை நிறைவேறவில்லை என்று, அவருடைய முழுப் பெயரோடு. அவர் இருந்தபோது இப்படி ஏதாவது நின்றால், "விடும்மா, அதுக்கும் இன்னிக்கு மூடு சரியில்ல" என்பார். சொல்லிக்கொண்டே சரிசெய்துவிடுவார்.

முதலில் டிஸ்கில் இடமில்லையோ என்று பார்த்தேன். இருந்தது. அதன் பிறகு சோதனைப் பிரதியில் என் லாகினில் ஓட்டினேன். ஒழுங்காக ஓடியது. நான் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடினால் நிற்கிறது. அதன் பிறகுதான் அந்த வேலையின் உரிமையாளர் என்ற இடத்தைப் பார்த்தேன். அண்ணாவின் பெயர்.

ஏன் அங்கே பெயரை மாற்றவில்லை என்று கேட்கிறீர்கள். மாற்ற ஒரு வரி போதும். என் பெயரைத் தட்டினேன். அழித்தேன். மாலையில் அந்த மெயிலைத் தவிர எனக்கு யாரிடமிருந்தும் எதுவும் வராது.

சில வாரங்கள் அப்படியே விட்டேன். அதன் பிறகு மேலாளர் வந்து, "என்னம்மா, சிஸ்டம் ஆமை மாதிரி நகருது, டாக்டருங்க என் தலைய உருட்டுறாங்க" என்றார். அண்ணாவின் லாகினைத் திறந்தால் ஓடிவிடும் என்றேன். எழுத்தில் உத்தரவு வாங்காமலே திறந்துவிட்டார். அன்று மாலை, அத்தனை வாரமாகத் தேங்கியிருந்தது மொத்தமும் ஒரே ஓட்டத்தில் போனது. நிறைவேறியது என்று அவர் பெயரில் மெயில் வந்தது. திரும்பிச் சொல்ல அறையில் ஆள் இல்லை.

அப்படிப் போனவற்றில்தான், தவறான சிகிச்சை என்று வழக்குப் போட்டிருக்கும் நோயாளியின் பதிவும் இருந்தது. நிர்வாகம் நடப்பு டேட்டாபேஸில் தேடியபோது பதிவு இல்லை. நீக்கியவர் இடத்தில் இறந்தவர் பெயர். அவருடைய லேப்டாப் அண்ணியிடம் இருந்ததால், வழக்குப் போட்டவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அண்ணிதான் அழித்தார் என்று புகார் கொடுத்தார்கள். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயத் திறக்காத. ரெண்டு பேரு வேலையும் போயிடும். அந்தம்மாவ நாலு கேள்வி கேப்பாங்க, விட்டுடுவாங்க" என்றார். தலையாட்டினேன்.

அதன் பிறகு அண்ணி போன் செய்தார். தன்மேல் வழக்கு வருமா என்று கேட்கவில்லை. "லேப்டாப்ப எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. அதுல அவரு பேசுற வீடியோ இருக்கு. வேற எங்கயும் இல்ல. அழிச்சிட மாட்டாங்கல்ல?" என்றார். போனை வைத்துவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

கட்டளை சர்வருக்குள்ளிருந்தே வந்தது, அந்த லேப்டாப்பிலிருந்து அல்ல. சர்வர் பதிவின் அச்சுப் பிரதியை ஒப்படைத்திருக்கிறேன். நோயாளியின் பதிவு தனிச் சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் முன்னிலையில் எடுத்துக் காட்டுவேன்.

யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)

குறிப்பு: வாக்குமூலம் கொடுத்தவர் கையெழுத்திட்ட பின், விசாரணைக்கு அழைக்கப்பட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்த இறந்தவரின் மனைவி அருகில் போய் உட்கார்ந்தார்.