வால்பாறை என்று எழுதிய கல்

கலிபோர்னியாவில் இருக்கும் டப்ளினிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போகும் காலை ரயிலில், என் முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "ஸ்காட்லாந்துல ஒரு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ரெண்டு மலைக்கு நடுவுல சின்ன ஊரு. ஒரே மூடுபனி. சர்ச் பக்கத்துல பழைய கல்லறைங்களைப் பாத்துட்டே நடந்தேன். ஒரு குடும்பக் கல்லுல, இந்த வீட்டுப் பையன் வால்பாறையில இறந்துட்டான்னு எழுதியிருக்கு."

"உங்க ஊரா?"

"எங்க தேயிலை எஸ்டேட் பேரே இருந்துச்சு. கனவுல நிக்கற மாதிரி நின்னேன். அங்க புல் வெட்டிட்டிருந்த ஒரு அம்மா, அவர் தன்னோட தாத்தாவுக்குத் தம்பின்னாங்க. வால்பாறையிலயே புதைச்சுட்டாங்களாம், இவங்க யாரும் வந்து பாத்ததில்லையாம். நான் அந்த எஸ்டேட்தான்னதும், கல்லறையை யாராவது கவனிச்சுக்கறாங்களான்னு கேட்டாங்க. தினமும் பூ வைப்போம்னு சொல்லிட்டேன்."

"நிஜமா அங்க கல்லறை இருக்கா?"

"இருக்கு. எங்கம்மா அது மேலதான் துணி காயப்போடுவாங்க. தொழிலாளிங்க இருக்கற எங்க லைன் வீட்டுப் பக்கம் கொஞ்சமாவது வெயில் விழற இடம் அது ஒண்ணுதான். நாங்க எல்லாம் அதுல உக்காந்துதான் படிச்சோம்."

ஜன்னலுக்கு வெளியே பழுப்பு மலைகள் நகர்ந்துகொண்டிருந்தன.

"அதையே சொல்லியிருக்கலாம் நீ," என்றாள் தோழி.

"எழுதப் போறேன். அட்ரஸ் வாங்கிட்டுதான் வந்தேன்."