கிறிஸ்பின் குடித்த கலர்

— இன்னும் விலையை ஏத்துங்க கொம்பாத்ரே. ரெண்டு மடங்கா ஏத்துங்க.

— யாருக்கு, உங்களுக்கா? முதல்ல உக்காருங்க கொமாத்ரே. ஒப்தூலியா, நீங்க கோவமா வந்தா என் கடை ஃபேன் கூட நின்னு போகுது.

— எனக்கில்ல. என் மகன் கிறிஸ்பினுக்கு மட்டும். அவனுக்கு ஞானத்தகப்பனா நின்ன கொம்பாத்ரே நீங்க, எனக்காக இதைச் செய்யுங்க. கலர் சோடா வேணும்னு வந்தான்னா ரெண்டு பங்கு கேளுங்க.

— அட போங்க! சர்க்கரை வரின்னு கவர்மெண்டு போட்டதுக்கே நான்தான் திட்டு வாங்கறேன். "எவாரிஸ்தோ, நீ எப்ப மந்திரி ஆன?"ன்னு கேக்கறானுங்க.

— வரி வந்தப்புறம் ஜனங்க குறைச்சாங்களா இல்லையா?

— குறைச்சாங்க, இல்லேங்கல. பெரிய பாட்டில் வாங்கின வீடு சின்னது வாங்குது. செங்கல் சூளைக்காரங்க மட்டும்தான் அப்படியே. அந்த வெக்கையில வேற என்னத்தைக் குடிப்பாங்க, சொல்லுங்க?

— ஊருக்கெல்லாம் வேலை செய்யுது. என் பிள்ளைகிட்ட மட்டும் ஏன் செய்யல?

— என் குண்டுராஜாவுக்கு என்ன இப்ப? கொழுகொழுன்னு பாக்க அழகா இருக்கான்.

— அழகும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஒம்பது வயசுல ஈரல்ல கொழுப்பாம். இப்படியே விட்டா சீக்கிரமே சக்கரை வியாதி வரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. பள்ளிக்கூடப் படி ஏறினா மூச்சு வாங்கறான். எங்கப்பாவுக்கு அதே சக்கரையால கால் எடுத்தப்ப நீங்கதானே கூட நின்னீங்க?

— அதைச் சொல்லாதீங்க கொமாத்ரே. அன்னிக்கு வந்த கலக்கம் இன்னும் போகல.

— பின்ன?

— வரி போடட்டும், நான் வேணாங்கல. ஆனா இந்தக் குழாய்த் தண்ணிய நாய் மோந்து பாக்குமா? நல்ல தண்ணி கேன்ல வாங்கணும், அதுவும் கலர் விலைதான். முதல்ல தண்ணிய மலிவாக்கட்டும். அப்புறம் எவ்வளவு வரி போட்டாலும் கும்பிடறேன்.

— சுத்தி வளைக்காதீங்க. நான் வந்த விஷயம் வேற.

— சொல்லுங்க.

— ஜனவரியில வந்த மூணு ராஜா திருநாள்லேருந்து அவன் கையில நான் காசே குடுக்கறதில்ல. சாப்பாடும் வீட்லேருந்துதான் கட்டிக் குடுக்கறேன். ஆனாலும் தினம் நாக்கு செவேல்னு இருக்கு. பிளாஸ்டிக் பையில கலரை ஊத்தி ஸ்ட்ரா சொருகிக் குடுப்பீங்களே, அந்தப் பை அவன் புத்தகத்துக்கு நடுவுல கெடக்கு.

— பை என் கடைப் பைதான்.

— காசு எங்கேருந்து வருது? என் பர்ஸ்லேருந்துதானே? நேத்து கேட்டேன். திருடலம்மான்னான். பின்ன யாரு காசு குடுத்தான்னேன். யாரும் குடுக்கலைங்கறான். பொய் வேறயான்னு பெல்ட்டை எடுத்துட்டேன்.

— கிறிஸ்பினையா? பெல்ட்டாலயா அடிச்சீங்க?

— முதுகு தடிச்சுப் போச்சு. ராத்திரி எண்ணெய் தடவப் போனேன், கிட்ட விடல. என் பிள்ளை திருடனாயிட்டான் கொம்பாத்ரே! விலை ஏத்தினா அவன் கைக்கு எட்டாமப் போகும்ல? அதுக்குத்தான் வந்தேன். இப்பச் சொல்லுங்க, தினம் உங்ககிட்ட எவ்வளவு குடுக்கறான்?

— கொமாத்ரே...

— ஏன் மூஞ்சியத் திருப்பறீங்க? எவ்வளவு குடுக்கறான்?

— அவன் ஞானஸ்நானத்தன்னிக்கு அந்தத் தலையைக் கையில தாங்கினவன் நான். என் ஞானப்பிள்ளைகிட்ட எப்படி நான் காசு வாங்குவேன்?