பன்னிரண்டு மணி அழைப்பு

சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. ஊரில் மிச்சமிருப்பவர்கள் என்னைப் பற்றி அப்படித்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதனால் முதலிலேயே இதைச் சொல்லிவைக்கிறேன். என் பெயர் ஃபிதேன்சியோ, வயது நாற்பத்தொன்று. பனிமலைக்குக் கீழே இருக்கிற ஏரிக்கு ஏழு வருடம் காவல் இருந்தேன். ஏழு வருடத்தில் ஓர் அழைப்புகூடத் தாமதமானதில்லை. நெமேசியா அக்காவின் நோட்டைப் பார்த்தால் தெரியும். அந்த நோட்டு இப்போது எங்கே கிடக்கிறதோ.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஏரியின் ஒரு பக்கம் பனி தொங்குகிறது, மறுபக்கம் மண்ணும் கல்லும் சேர்ந்த கரை, அதிலிருக்கிற வாய்க்கால் வழியாகத்தான் ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் இறங்கும். பனி விழுந்தாலோ கரை சரிந்தாலோ ஏரி உடைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிடும். என் தாத்தா காலத்தில் ஒருதரம் வந்திருக்கிறது. அதற்காகத்தான் மேலே ஒரு குடிசையும் ஓர் ஆளும் ஒரு கைரேடியோவும். தண்ணீரில் நட்ட அளவுக்கோலைப் பார்த்து, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை இரண்டு மணிக்கொருதரம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்: இத்தனை சென்டிமீட்டர், புதிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து நெமேசியா அக்கா எழுதிக்கொள்வாள். தொடர்ந்து இரண்டு அழைப்பு வராவிட்டால், யாரிடமும் கேட்காமல் பள்ளிக்கூட மணியை அடித்து ஊரையே கல்லறை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அது ஊர்க்கூட்டம் போட்ட விதி.

விடுவதற்கும் விதி உண்டு. விட நினைப்பவன் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். பதிலுக்கு ஓர் ஆள் கிடைத்து, அவனை மேலே கூட்டிப்போய் ஒரு மாதம் கூடவே வைத்து, எந்தச் சத்தம் வெறும் பனிக்கட்டி, எந்தச் சத்தம் ஆபத்து என்று பழக்கிக் கொடுத்த பிறகுதான் இறங்கலாம். நியாயமான விதிதான். ஆனால் பதிலுக்கு ஆள் வந்தால்தானே. எனக்கு முன்னால் இருந்த க்ரிசாந்தோ ஒழுங்காகச் சொன்னான். சொன்ன பிறகு பதினோரு மாதம் மேலேயே கிடந்தான். அவன் அம்மாவை அடக்கம் செய்ததைக்கூட ரேடியோவில்தான் கேட்டான். பாதிரியார் ஜெபம் சொல்லச் சொல்ல அக்கா பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

எனக்குத் தனிமை தாங்கவில்லை, ஐயா. வேறு பெரிய காரணம் எதுவுமில்லை. மாதத்தில் இரண்டு நாள் இறங்குவேன், நகராட்சி ஆள் ஒருவன் வந்து மாற்றுவான். மற்ற நாளெல்லாம் நான், ஏரி, காற்று. ஒருநாள் அளவுக்கோலிடம் சௌக்கியமா என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் கடற்கரைப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தட்டை நிலம், வெயில், நீளமான மேசையில் இருபது பேரோடு சோறு. மலைமுகட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற சந்தை ஊருக்கு வெள்ளிக்கிழமை லாரி வரும், நேரில் பார்த்துத்தான் பொறுக்குவார்களாம்.

அங்கேதான் யோசிக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டிச் சொல்லிவிட்டு என்னை எடுக்காமல் போனால் ஊரில் என் மானம் போகும். சொல்லாமல் போய் என்னை எடுத்துக்கொண்டால் நான் சொல்லாமல் போனவன் ஆகிவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்று பட்டது. ரேடியோவைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது, நேரம் தவறாமல் கூப்பிடுவது, லாரியில் இடம் உறுதியானதும் முறைப்படி சொல்லிவிடுவது, இல்லையென்றால் பேசாமல் மேலே திரும்பிவிடுவது. நாலே நாள். அழைப்பை நிறுத்தியிருந்தால் ஊர் வீணாகப் பதறியிருக்கும். கிழடுகள் மேட்டில் ஏறும்போது விழுந்து எழுந்திருக்கும். அவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணி அழைப்பை முடித்துவிட்டு, ஊருக்குள் போகாமல் முகட்டைத் தாண்டி இறங்கினேன். முகட்டின் மேலேதான் ரேடியோ கோபுரம், ஆகையால் சந்தை ஊரிலிருந்தும் குரல் தெளிவாகப் போயிற்று. அளவை நானே சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் காலையில் எழுபத்தாறு இருக்கும், மத்தியானம் பனி உருகி இரண்டு கூடும், சாயங்காலம் ஒன்று குறையும். ஏழு வருடம் பார்த்தவனுக்குத் தெரியாதா. உண்மையான அளவும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன், வியாழக்கிழமை காலை வரைக்கும்.

புதன்கிழமை பத்து மணி அழைப்பில் அக்காவுக்குச் சிரிப்பு.

"என்ன தம்பி, பின்னாடி கோழி கத்துது? மேலே குடும்பம் கிடும்பம் வெச்சுட்டியா?"

"காத்துக்கா. இந்தக் குளிர்ல எவ வருவா என்கூட?"

"அதானே. உன் மூஞ்சிக்குக் கோழி வந்தாலே பெரிசு. சரி, சொல்லு, எழுதிக்கிறேன்."

அதற்குப் பிறகு சந்தை ஊர்ச் சர்ச்சுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். அங்கே சத்தம் இல்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நான் வாய் திறப்பதற்கு முன்பே அக்கா பேசினாள். குரலில் விளையாட்டு இல்லை.

"தம்பி, ஆத்துல தண்ணி நின்னு போச்சு. பதினோரு மணியிலேர்ந்து வத்திக்கிட்டே வந்து இப்ப கல்லுதான் தெரியுது. நான் மணியடிச்சுட்டேன். பிள்ளைங்களை ஏத்தியாச்சு, நானும் ரேடியோவோட மேட்டுலதான் நிக்கிறேன், பெரியவங்களும் பாதிப் பேரு வந்தாச்சு. மேலே என்ன? வாய்க்கால் அடைச்சுக்கிச்சா?"

ஆறு வற்றினால் என்ன அர்த்தம் என்று அந்தப் பள்ளத்தாக்கில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கரை சரிந்து ஏரியின் வாயை அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அல்லது ஊருக்கு மேலே ஆற்றோரம் பயிர் வைக்கிற மேட்டு வயல்காரர்கள் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பியிருக்கலாம். அதுவும் வருடத்துக்கு ஒருதரம் நடப்பதுதான். இரண்டில் எது என்று ஏரிக்கரையில் நிற்பவன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். நான் சர்ச்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் தெரியவில்லை என்று அவள் கேட்பாள். அடைத்துக்கொண்டது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பத்துப் பேர் ஏறி வந்து பார்ப்பார்கள், குடிசை பூட்டிக் கிடக்கும். மறுநாள்தான் லாரி. இவ்வளவையும் யோசிக்க எனக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"எழுபத்தெட்டு, அக்கா. வாய்க்கால்ல தண்ணி நல்லாத்தான் போகுது. பாத்துக்கிட்டே பேசுறேன். அந்த மேட்டு வயல்காரனுங்க திருப்பியிருப்பானுங்க."

"நெஜமா? கண்ணால பாக்குறியா?"

"கண்ணாலதான்."

அப்போது லுஸ்மிலா ரேடியோவைப் பிடுங்கிக்கொண்டாள். அக்காவின் மகள், ஒன்பது வயது. ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நான்.

"ஞானப்பா, மீனெல்லாம் கல்லுல துள்ளுது. மேட்டுலேர்ந்தே தெரியுது. எல்லாரும் நிக்கிறாங்க. நாங்க இங்கேயே இருக்கணுமா?"

"வேண்டாம் கண்ணு. இறங்கிப் போய்ச் சாப்பிடுங்க. சோறு ஆறிடும்."

அதைத்தான் சொன்னேன். நீங்கள் முதல் நாளிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்விக்குப் பதில் அதுதான். அவர்கள் மேட்டில் இருந்தார்கள். நான்தான் இறக்கினேன். சந்தேகம் வந்ததா என்றால், வந்தது. பாதிக்குப் பாதி என்று என் மனதே சொல்லிற்று. நான் எதுவும் சொல்லாமல் ஓடிப் போயிருந்தால், ரேடியோவைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருந்தால், எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அழைப்பு வராமல் செவ்வாய்க்கிழமையே எல்லாரும் மேலே ஏறியிருப்பார்கள். ஏரியைப் பார்க்க ஆள் வந்திருக்கும். செத்தது நூற்று எழுபத்தொரு பேர் என்று உங்கள் விசாரணைக் காகிதத்தில் இருக்கிறது. நான் எண்ணவில்லை. எனக்கு ஒருத்தி போதும். அவள் நான் சொன்னால் கேட்பாள். அதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியவில்லை, ஐயா.

ஒரு மணி கழிந்ததும் முகட்டுக்கு அந்தப்பக்கம் சத்தம் கேட்டது. சந்தையில் எல்லாரும் தலை தூக்கினார்கள். லாரி லாரியாய்க் கல்லைக் கொட்டுவது போல நிற்காமல் கொட்டிற்று, பிறகு ஈர மண் வாடை வந்தது. ஒரு கிழவி மண்டியிட்டாள். முகட்டில் ஏறிப் பார்த்தவர்கள் திரும்பி வந்து ஊர் இல்லை என்றார்கள். கல்லறை மேடு மட்டும் நிற்கிறதாம், சுற்றிலும் சேறாம். நான் போய்ப் பார்க்கவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் போய் நின்றேன், நேரமாகிவிட்டது.

சரியாக இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். அந்த ஏரியில் அப்போது அளக்கத் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். எழுபத்தேழு, புதிதாக ஒன்றுமில்லை என்றேன். அக்கா எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன்.